மாரி காலத்தில் பிள்ளைகளோடு குடை செய்வோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் தை மாதம் வரைக்கும் முற்றம் காய்வதில்லை. மூன்று வயது முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளை அத்தனை நாளும் வீட்டுக்குள் வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று எல்லா அம்மாமாருக்கும் தெரியும். நான் படுவான்கரையில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. மாரிக்கு மாரி எங்கள் பிள்ளைகளோடு குடை செய்கிறோம். பெற்றோரும் புதிதாகச் சேரும் ஆசிரியைகளும் இதைப்பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மழைக்குக் கப்பல் செய்தால் போதாதா? ஏன் குடை?

கப்பலும் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் கடதாசிக் கப்பலுக்குச் சின்னக் கைகளால் மடிக்கக் கஷ்டமான மடிப்புகள் இருக்கின்றன. கடைசியில் அம்மாதான் மடித்துக் கொடுப்பார், பிள்ளை விடுகிற வேலையை மட்டும் செய்யும். குடை அப்படியில்லை. கிழிப்பது, ஒட்டுவது, மடிப்பது, வெட்டுவது எல்லாம் அதில் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கும். இன்னொன்று, குடை என்பது பிள்ளை தினமும் பார்க்கிற சாமான். மழைக்கு மட்டுமா, எங்கள் ஊர் வெயிலுக்கும் குடை இல்லாமல் யார் வெளியே இறங்குகிறார்கள்? தன் கையால் ஒன்று செய்து பார்த்த பிறகு பிள்ளை அம்மாவின் குடையைத் திறந்து உள்ளே கம்பியை எண்ணிப் பார்க்கும். அதற்காகத்தான் நான் குடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த வயதுக்கு எதைக் கொடுக்கலாம்?

மூன்று வயதுக்காரருக்குக் கத்தரிக்கோல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயதில் கடதாசி ஓரத்தைச் சும்மா ‘கிறுக் கிறுக்’ என்று நறுக்கத்தான் வரும். அவர்களுக்கு நீங்களே அரைவட்டம் ஒன்று வெட்டிக் கொடுங்கள். பழைய பத்திரிகை, டிசு பேப்பர், பழைய கலண்டர் ஆகியவற்றைக் கிழித்து அதில் ஒட்டட்டும். கிழிப்பது விரலுக்கு நல்ல வேலை.

நாலு வயதில் நேர்கோட்டில் வெட்ட வரும். ஐந்தில் மெல்ல மெல்ல வட்டமும் வரும். வட்டம் வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் கடதாசியைத்தான் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பெருவிரல் மேலே பார்க்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரி என்றால் மீதி தானாக வரும்.

கடைக்குப் போக முடியாத மழையில் என்ன பொருளை வைத்துச் செய்வது?

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பழைய கொப்பி மட்டை, பிஸ்கட் பெட்டி, யோகட் கோப்பை, பால்மா பக்கற், தென்னோலை ஈர்க்கு, மெழுகுதிரி, கோதுமை மா. இவ்வளவும் இருந்தால் ஒரு கிழமைக்குக் குடை செய்யலாம். யோகட் கோப்பையைக் கவிழ்த்து நடுவில் ஓர் ஈர்க்கைக் குத்தினால் அதுவே பொம்மைக்கு ஒரு குடை. பால்மா பக்கற்றை நன்றாகக் கழுவித் துடைத்து, வெள்ளிப் பக்கம் வெளியே தெரிய வெட்டினால் பிள்ளைகளுக்கு அதில் பைத்தியம்.

கடைக்குப் போனால் டிமை பேப்பர் வாங்குங்கள். பிரிஸ்டல் போட் பார்க்க அழகு, ஆனால் மூன்று தரம் மடிக்க சின்னக் கைக்கு வராது. கிரேப் பேப்பர் நனைந்தால் சாயம் இறங்கும். வெள்ளைச் சட்டை போட்ட நாளில் அதை வெளியே எடுக்க வேண்டாம்.

வட்டக் கடதாசியை எப்படிக் குடை வடிவத்துக்குக் கொண்டுவருவது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டு ஒன்றைக் கடதாசியில் கவிழ்த்து வட்டம் கீறுங்கள். ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர் அகலம், ஆகவே அதில் சரியாக அடங்கும். வட்டத்தை வெட்டிப் பாதியாக மடியுங்கள். அதை இன்னொரு தரம் பாதியாக. இன்னும் ஒரு தரம். இப்போது கையில் இருப்பது தோடம்பழச் சுளை மாதிரி ஒரு துண்டு. அதன் வளைந்த ஓரத்தை உள்நோக்கிக் குழிவாக, மெல்லியதாக வெட்டுங்கள். விரித்துப் பார்த்தால் எட்டு மடிப்பு, எட்டு முனை. ஒவ்வொரு முனையும் சரியாக மடிப்புக் கோட்டில்தான் வந்து நிற்கும். இப்போது வீட்டுக் குடையைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான குடைகளில் எட்டுக் கம்பிதான். கம்பி இருக்கும் இடத்தில் முனையும், இரண்டு கம்பிக்கு நடுவில் குழிவும் அங்கேயும் இருக்கும். நாலு வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. மூன்று தரம் மடித்த கடதாசியை விரித்தால் சில மடிப்புகள் மேல்நோக்கியும் சில கீழ்நோக்கியும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக, முதுகு மேலே வருமாறு, விரலால் மறுபடி நீவ வேண்டும். இதைச் செய்யாவிட்டால் குடை தேங்காய்ப்பூக் கிண்ணம் போலக் கோணிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது, ஒரு மடிப்புக் கோட்டில் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் ஒரு பகுதியை அடுத்த பகுதியின் மேல் ஏற்றி ஒட்டுங்கள். தட்டையாக இருந்த வட்டம் கூம்பாக எழும்பும். ஒரு பகுதி ஏற்றினால் குடையின் உயரம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். இரண்டு பகுதி ஏற்றினால் ஆறரைக்கு மேலே போகும். மூன்று ஏற்றினால் குடை கோபுரமாகிவிடும். மூன்றையும் செய்து மேசையில் வரிசையாக வைத்தால் எதில் தண்ணீர் சீக்கிரம் வழிந்தோடும் என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும். ஏற்றி ஒட்டிய பிறகு எண்ணினால் ஏழு பகுதிதான் தெரியும். “டீச்சர், ஒண்டு எங்க போச்சு?” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கணக்குப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

பிடிக்கு எது நல்லது?

பச்சை ஈர்க்கு. காய்ந்த ஈர்க்கு வளைத்தால் முறியும். பச்சை ஈர்க்கு நாலைந்தைச் சேர்த்து நூலால் சுற்றினால் நல்ல தண்டு, நுனியை வளைத்துக் கட்டினால் கைப்பிடி. பப்பாசி இலைக் காம்பும் குழாய் போல உள்ளே வெறுமையாக இருப்பதால் பிள்ளைகளுக்கு விருப்பம். இரண்டு நாளில் வாடிச் சுருங்கிவிடும், அது மட்டும்தான் குறை. வெட்டினால் பால் வடியும், அது தோலிலும் கண்ணிலும் படக்கூடாது. ஆகவே பெரியவர்கள் வெட்டிக் கழுவிக் கொடுங்கள்.

எதை ஒட்டினாலும் காயமாட்டேன் என்கிறது. கடதாசியும் சுருள்கிறது. என்ன செய்ய?

மாரி காலத்தில் காற்றே ஈரம். பசையைக் குறையுங்கள், அதுதான் முதல் வைத்தியம். பிள்ளைகள் பசையை ஊற்றுவார்கள், தடவமாட்டார்கள். போத்தலைக் கையில் கொடுக்காமல் ஒரு மூடியில் கொஞ்சம் விட்டு, பஞ்சுக்குச்சி ஒன்றைக் கொடுங்கள். நீர்ச்சாயத்துக்குப் பதிலாகக் கலர் பென்சிலும் பேஸ்டலும் போதும். ஒட்டியதைப் பழைய பத்திரிகைக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்தால் சுருளாது. அவசரத்துக்குச் செலோ டேப்பும் ஸ்டேப்ளரும் இருக்கின்றன. ஸ்டேப்ளர் பெரியவர் கையில்.

மாப்பசை எப்படிக் காய்ச்சுவது?

அரைக் கோப்பை கோதுமை மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரைக் கோப்பை தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் கரைசலை ஊற்றிச் சின்னத் தீயில் கிளறுங்கள். வெள்ளை நிறம் மங்கிக் கஞ்சிப் பதமாகி வந்ததும் இறக்குங்கள். ஆறிய பிறகு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சில பேர் பழுதாகாமல் இருக்கத் துருசு சேர்ப்பார்கள். பிள்ளைகள் விரலைச் சூப்புகிற இடத்தில் துருசு கூடவே கூடாது, அது நஞ்சு. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். மறுநாள் புளித்த மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

“என்ர குடையை மழையில பிடிக்கட்டா?” என்று கேட்டு அழுகிறாள். கடதாசிக் குடையாயிற்றே?

பிடிக்கட்டும்! அவள் கேட்பது மிகவும் சரியான கேள்வி. குடை செய்த பிள்ளைக்கு அது நனையாமல் காக்குமா என்று பார்க்க வேண்டாமா? ஆனால் அவள் ஆசையாகச் செய்த குடையை நேரே மழைக்குள் கொண்டுபோய்க் கரைய விட்டால் மனம் உடைந்துவிடும். அதற்கு முன்னால் விறாந்தையில் இந்த விளையாட்டை வையுங்கள்.

சின்னக் குடைகள் நாலு செய்யுங்கள். ஒன்று பத்திரிகைத் தாளில். இரண்டாவது அதே தாள்தான், ஆனால் இரண்டு பக்கமும் மெழுகுதிரியால் அழுத்தித் தேய்த்தது. மூன்றாவது பால்மா பக்கற்றில். நாலாவது இலை. தாமரை இலையோ சேம்பிலையோ கிடைத்தால் விசேஷம், இல்லாவிட்டால் வாழையிலைத் துண்டு. சேம்பிலையின் சாறு கடிக்கும், நீங்களே பறித்து வையுங்கள். ஒவ்வொரு குடைக்கும் கீழே டிசுத் துண்டு ஒன்றை வைத்து, நடுவில் கலர் பேனையால் ஒரு புள்ளி. பிறகு தண்ணீர்ப் போத்தல் மூடியில் ஊசியால் நாலைந்து துளை போட்டுப் பிள்ளை கையில் கொடுங்கள், அதுதான் மழை.

ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் புள்ளி பூவாக விரிந்துவிடும். பத்திரிகைக் குடைக்குக் கீழேதான் பூ முதலில் பூக்கும். மெழுகு தேய்த்த குடையில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருளும், கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு தேய்க்காமல் தவறவிட்ட இடம் எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். பால்மா பக்கற் அசையாது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. அந்த இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகளும் மெழுகுப் பூச்சும் இருக்கின்றன. குளத்துத் தாமரையைத் தினமும் காணும் பிள்ளைகள் நாங்கள் கேட்கும் முன்பே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

இதைப் பார்த்த பிள்ளை அடுத்து என்ன செய்யும் தெரியுமா? மெழுகுதிரியை எடுத்துத் தன் குடையைத் தேய்க்கத் தொடங்கும். சரி, இப்போது மழையில் பிடிக்கலாம். தூறல் மழையில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க.

இடி மின்னல் நேரத்தில்?

வெளியே விடவே வேண்டாம். இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று எண்ணினால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். 30 எண்ணுமுன் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுத்து வெளியே போகலாம். பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணுங்கள், பயமும் குறையும்.

குடைக்கம்பு கண்ணில் குத்திவிடாதா?

ஈர்க்கின் கூர் நுனியை வெட்டி, முனையில் துணியோ பேப்பரோ சுற்றி ஒட்டுங்கள். குடையின் உச்சியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், நடுத் துளையை ஓர் உருண்டைக் கடதாசியால் மூடலாம். பல்லுக்குச்சியை நான் பயன்படுத்துவதேயில்லை. மழைத்துளிக்கு மணியும் பொத்தானும் ஒட்டச் சொல்லிச் சில மாதிரிகள் வருகின்றன. மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை உள்ள வீட்டில் அவை வேண்டாம், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துவிடும். நீலக் கடதாசியைக் கிழித்து ஒட்டினாலும் மழைத்துளிதான்.

கோணலாக ஒட்டுகிறான். நான் கொஞ்சம் திருத்திக் கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு மாரியில் நடந்ததைச் சொல்கிறேன். “குடைக்குக் கீழே யார் நிற்கிறார்கள், கீறுங்கள்” என்றேன். எல்லோரும் அம்மா, அக்கா, உம்மா என்று கீறினார்கள். நாலரை வயதுப் பிள்ளை ஒருவன் தாள் முழுக்கக் கறுப்பாக ஏதோ கீறி, குடையை மூலையில் கோணலாக ஒட்டியிருந்தான். குடை சரிந்துகிடந்தது, அதைச் சுரண்டி எடுத்து நடுவில் ஒட்டக் கை நீட்டினேன். நல்ல வேளை, முதலில் கேட்டேன். “இது அப்பப்பாட எருமை. குடை காணாது டீச்சர், தலைக்கு மட்டும்தான் பிடிச்சிருக்கு” என்றான். பக்கத்தில் இருந்த பிள்ளை, “எருமைக்கு மழை விருப்பம், குடை தேவையில்ல” என்றாள். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் எந்த மிருகத்துக்குக் குடை வேண்டும், எதற்கு வேண்டாம் என்றே வகுப்புப் போனது. ஆட்டுக்கு வேண்டும், தாராவுக்கு வேண்டாம், கோழிக்குக் கட்டாயம் வேண்டும். நான் அந்தக் குடையை நடுவில் ஒட்டியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

எல்லாப் பிள்ளைகளின் குடையும் ஒரே மாதிரி, ஒரே நேராக இருக்கிறது என்றால் அது டீச்சர் செய்த குடை. பெற்றோர் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையை நாம்தான் அடக்க வேண்டும்.

மழை என்றாலே பயப்படும் பிள்ளையை என்ன செய்வது?

எங்கள் மாவட்டத்தில் இது சின்ன விசயமில்லை. 1978 கார்த்திகைச் சூறாவளியையும், 2004 மார்கழிச் சுனாமியையும், 2011 தை மாத வெள்ளத்தையும் கண்ட குடும்பங்கள் இவை. பெரியவர்கள் வானத்தைப் பார்க்கிற பார்வையிலேயே பிள்ளைக்குப் பயம் தொற்றும். பள்ளமான இடத்தில் வீடு உள்ள பிள்ளை, வெள்ளத்தோடு சாமான்களைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்தில் போய்ப் படுத்ததை மறக்காது.

அப்படியான பிள்ளையிடம் “மழை அழகு, பயப்படாதே” என்று சொல்லாதீர்கள். அது கீறுவதைக் கீறட்டும். வீட்டுக்குள் தண்ணீர் கீறினால் “தண்ணி எவ்வளவு வந்தது? யார் தூக்கினது?” என்று மெல்லக் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். பெரிய குடையொன்றைத் தரையில் விரித்து அதற்குள் இருந்து கதை சொல்லுவது சில பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கும். தண்ணீர் விளையாட்டுக்கு வரச்சொல்லி இழுக்க வேண்டாம். நாள் கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முறிந்த பழைய குடைகளைப் பயன்படுத்தலாமா?

கல்லடிப் பாலத்தில் காற்றோடு மல்லுக்கட்டி நடந்தவர் வீட்டில் முறிந்த குடைக்கு என்ன குறை! கம்பிகள் கூர்மை, துருவும் இருக்கும், அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். கம்பியிலிருந்து துணியை நீங்களே கழற்றிக் கழுவுங்கள். எட்டு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருப்பது பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரியும், கடதாசியில் மடித்த அதே எட்டு. நடுவில் தலை போகத் துளை வெட்டினால் மழைச்சட்டை, நாலு மூலையைத் தென்னை மரத்துக்கும் தூணுக்கும் கட்டினால் பொம்மைகளுக்குக் கூடாரம்.

விடுகை விழாவில் குடை நடனம் வைக்கிறோம். பிள்ளைகள் செய்த குடையையே பிடிக்கலாமா?

கட்டாயம். மேடைக்குக் கொஞ்சம் பெரிதாக, 40 சென்ரிமீற்றர் விட்டத்தில் செய்யுங்கள். தண்டுக்கு ஈர்க்குப் போதாது, பத்திரிகையை இறுக்கமாகச் சுருட்டி ஒட்டினால் பாரமில்லாத நல்ல தடி கிடைக்கும். பிள்ளைகளின் முகத்தைக் குடை மறைக்காமல் தோளுக்குப் பின்னால் பிடிக்கப் பழக்குங்கள். அம்மாமார் முகத்தைப் பார்க்கத்தானே வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் குடை இல்லாமல் என்ன செய்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஓலைதான் குடை. தாளிப்பனை ஓலை ஒன்றே பெரிய குடை. 1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஒரே ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் நனையாமல் மூடும் என்று எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, எங்கள் வகுப்பில் எத்தனை பேர் ஓர் ஓலைக்குக் கீழே அடங்குவோம் என்று தரையில் சோக்கட்டியால் வட்டம் கீறி நெருக்கியடித்து நின்று பார்ப்போம். பிள்ளைகள் சிரித்தே களைத்துவிடுவார்கள்.

முற்றத்தில் முளைக்கும் நாய்க்குடையைக் காட்டலாமா?

காட்டுங்கள், தொட வேண்டாம். எது நஞ்சு என்று பார்த்துச் சொல்ல முடியாது. குனிந்து கீழ்ப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கும் கம்பி மாதிரி வரிவரியாக இருக்கும். அன்றைக்கு ஒரு நாய்க்குடையும் கீறிவிடலாம்.

வேலை முடிந்த பிறகு மிச்சமான கோப்பை, சிரட்டைகளை என்ன செய்வது?

வெளியே எறியாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மாரி காலம்தான் எங்களுக்கு டெங்குக் காலம். யோகட் கோப்பையில் நிற்கும் இரண்டு விரல்கடைத் தண்ணீர் போதும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள்தான் எடுக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை கோப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகவே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். பிள்ளைகளிடமே இந்த வேலையைக் கொடுங்கள். குடை செய்த நாளில் முற்றத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் சாமான்களைத் தேடுவது எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது, ஒரு சோடா மூடியைக்கூட விடமாட்டார்கள்.

செய்த குடையை எங்கே வைப்பது?

சுவரில் உயரத்தில் தொங்கவிட்டால் அது உங்களுடைய படம். வாசலில் வீட்டுக் குடைகள் தொங்கும் இடத்துக்குக் கீழே, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், கூர் மழுங்கிய ஒரு கொளுக்கியை மாட்டுங்கள். காலையில் எல்லோரும் குடை எடுக்கும்போது அதுவும் தன்னுடையதை எடுக்கட்டும்.